நெல்லையும் ஸ்மார்ட் சிட்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி டவுன், சந்திப்பு, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று எங்கே நகரத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கோபமாகக் கேட்பவர்கள் உண்டு, ஆசையாகக் கேட்பவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்மார்ட் சிட்டி என்றால் என்ன? கேமரா, வைஃபை, எல்இடி விளக்கு, அவ்வளவுதானா?

அவை கருவிகள். நகரம் தன் நிலையை உடனுக்குடன் அறிய வேண்டும், அறிந்ததைத் தெருவில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும், அதன்படி வேலையும் நடக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள்.

முதலாவதற்குத்தான் பணம் அதிகம் செலவாகிறது. கட்டுப்பாட்டு அறை, பெரிய திரைகள், சென்சார்கள் எல்லாம் அதற்குத்தான். இரண்டாவதைப் பல நகரங்கள் மறந்துவிடுகின்றன. நான் ஒரு நகரத்தை அளக்கும் விதம் இது: மேலப்பாளையத்தில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் ஒரு பெண், "இன்னைக்கு ஏன் தண்ணி வரல?" என்று கேட்டால், அன்றைக்கே அவருக்குச் சரியான பதில் கிடைக்கிறதா? கிடைத்தால் அந்த ஊர் இணைந்திருக்கிறது.

நெல்லை எப்போது இந்தத் திட்டத்தில் சேர்ந்தது? பணம் யாருடையது?

மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தை 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நாடு முழுவதும் 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. திருநெல்வேலி 2017 ஜூனில் தேர்வானது. தூத்துக்குடி, திருச்சி, திருப்பூர் மூன்றும் அதே பட்டியலில் வந்தன. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும், அதே அளவு மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து போட வேண்டும் என்பது ஏற்பாடு. வேலைகளைச் செய்ய ஒவ்வொரு நகரத்திலும் தனியாக ஒரு நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அதில் மாநில அரசுக்குப் பாதி, மாநகராட்சிக்குப் பாதி பங்கு.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நெல்லை தேர்வானதும், திட்டங்கள் தீட்டப்பட்டதும், பல வேலைகள் தொடங்கியதும் அந்த இடைவெளியில்தான். அப்போது 55 வார்டுகளில் ஒரு வார்டுக்குக்கூடக் கவுன்சிலர் கிடையாது. எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்று அந்தத் தெருக்காரர் போய்ச் சொல்ல ஆளில்லாத காலத்தில் இவ்வளவு பெரிய பணம் செலவழிக்கப்பட்டது. இன்றைக்கு மக்களுக்கு இருக்கும் மனக்குறையில் பெரும்பங்கு இதிலிருந்து வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

திட்டக்காலமே 2025 மார்ச்சில் முடிந்துவிட்டதே. இனி எதற்கு இந்தப் பேச்சு?

பணம் வரும் காலம் முடிந்தது, நகரம் முடியவில்லை. கட்டிய கட்டடங்கள், பதித்த கேபிள்கள், போட்ட கேமராக்கள் எல்லாம் இனி மாநகராட்சியின் பொறுப்பு. அவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்க இதுதான் நேரம்.

ஆற்றுக்கும் ஸ்மார்ட் சிட்டிக்கும் என்ன சம்பந்தம்?

நெல்லையில் எல்லாச் சம்பந்தமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள். ஏழு அணைக்கட்டுகள் மன்னர் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. சுமார் 86,000 ஏக்கர் நிலம் இந்தக் கால்வாய்களையும் குளங்களையும் நம்பிக் கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிறது. நகரத்துக்குள்ளேயே இரண்டு கால்வாய்கள் போகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கம் வந்து நயினார்குளத்துக்கு நீர் தருகிறது. பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போகிறது.

இது ஒரு முழு வலைப்பின்னல். மடையைத் திறப்பது, குளம் நிறைந்தால் மறுகால் பாய்வது, மறுகால் நீர் அடுத்த குளத்துக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் ஆளும் முறையும் இருந்தன. மேல் குளத்துக்காரர் செய்வது கீழ் குளத்துக்காரரைத் தொடும் என்பதால் இருவரும் பேசிக்கொண்டே ஆக வேண்டும். மக்களை இணைப்பது பற்றி இந்த ஊர் யாரிடமும் புதிதாகப் பாடம் கேட்க வேண்டியதில்லை. இப்போது நடந்திருப்பது என்னவென்றால், கால்வாய் ஓரத்து வயல் பிளாட்டாகிவிட்டது, பிளாட்டின் கழிவு கால்வாய்க்குள் வந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது.

ஆகவே நெல்லையில் முதல் சென்சாரை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டால் மடையில் என்பேன், குளம் நிறைந்தால் நீர் வழியும் கலிங்கில் என்பேன், கால்வாய் நகருக்குள் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் என்பேன். சிக்னல் கம்பத்தில் வைப்பது அதற்குப் பிறகு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் இந்தத் தொழில்நுட்பம் எதுவும் உதவவில்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பலர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள். ஆகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்தது வழக்கமான மழை கிடையாது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. நெல்லையில் சந்திப்பு, மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறைப் பக்கம் எல்லாம் தண்ணீர். பல இடங்களில் கரண்ட் போனது, அதோடு செல்போன் டவரும் போனது. செல்போனை நம்பிக் கட்டிய எந்த ஏற்பாடும் அந்த நேரத்தில் கைகொடுக்காது. முதல் பாடம் அதுதான்.

நம் ஊரில் வெள்ளத்தை அளக்கும் முறைகள் ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஒன்று, பேப்பரில் தினமும் வரும் அணை நிலவரம்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழுக்கொள்ளளவு இங்கே டீக்கடையில் உட்காரும் பெரியவர்களுக்கெல்லாம் மனப்பாடம். இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை என்று பார்த்தே ஆற்றின் போக்கைச் சொல்லிவிடுவார்கள். இன்னொன்று ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது: குறுக்குத்துறை முருகன் கோயிலும் தைப்பூச மண்டபமும். தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, மண்டபம் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதை வைத்து, நம் தெருவுக்கு வருமா வராதா என்று கரையோரத்தவர் முடிவு செய்வார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் 2023-இல் மழை மலையில் மட்டும் பெய்யவில்லை, சமவெளியிலும் கொட்டியது. அணைக்குக் கீழே பெய்வதை அணை நிலவரம் சொல்லாது. திருப்புடைமருதூர் அருகே கடனா சேர்கிறது, தருவைப் பக்கம் பச்சையாறு சேர்கிறது. இவை சேர்ந்த பிறகுதான் நகரத்துக்கு எவ்வளவு வருகிறது என்று தெரியும். குளங்கள் உடைந்தால் அந்த நீரும் சேரும். இங்கேதான் புதிய கருவிக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒவ்வொரு அணைக்கட்டிலும் நீர்மட்டமானி, வட்டாரம் தோறும் தானியங்கி மழைமானி, பெரிய குளங்களில் அளவுகோல் எல்லாம் வேண்டும். அணையில் திறந்த நீர் நகரத்தை எட்டச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரத்துக்குள் செய்தி வந்தால் ஒரு குடும்பம் அரிசியையும் ஆதார் அட்டையையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு மாடி உள்ள வீட்டுக்குப் போய்விடலாம்.

செய்தியைச் சொல்லும் விதமும் முக்கியம். "ஆற்றில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி" என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. "கைலாசபுரம் முதல் மூன்று தெருக்களில் இரவு பத்து மணிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வரலாம், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்" என்றால் புரியும். டவர் எல்லைக்குள் இருக்கும் எல்லா செல்பேசியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் எச்சரிக்கை முறை இப்போது நாட்டில் இருக்கிறது. 2023-இல் அதன் சோதனைச் செய்தி பலருடைய போனில் அலறியது நினைவிருக்கும். அதற்கு நம்பரும் வேண்டாம், செயலியும் வேண்டாம். டவர் விழுந்துவிட்டால் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளும், பேட்டரியில் ஓடும் சைரனும் வேண்டும். தெருவுக்கு இரண்டு பேர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டவும் வேண்டும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தெரியும். அந்த அக்காவின் கையில் தகவல் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்வதுதான் நல்ல திட்டம்.

அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

சாக்கடை ஆற்றில் கலப்பதை சென்சார் நிறுத்திவிடுமா?

நிறுத்தாது. எங்கே, எப்போது, எவ்வளவு கலக்கிறது என்று காட்டும். குழாயைப் பதித்து, சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டினால்தான் நிற்கும்.

ஆற்றில் குளிக்கத் தகுந்த நீர் எது என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகள் இருக்கின்றன. நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மலக்கிருமிகள் 100 மில்லிலிட்டரில் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது. ஆக்சிஜன், கலங்கல், உப்பு முதலியவற்றை ஆற்றிலேயே வைக்கும் கருவி அளந்துவிடும். மலக்கிருமியை அப்படிச் சுலபமாக அளக்க முடியாது. தண்ணீரைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கருவியிலும் சில வாரங்களில் பாசி பிடிக்கும். துடைத்துச் சரிபார்க்க ஆள் போகாவிட்டால் அது தப்பான கணக்கைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

என் ஆசை ஒன்று உண்டு. குறுக்குத்துறைப் படித்துறையிலும் வண்ணார்பேட்டைப் பக்கமும் ஒரு பலகை வைத்து, இந்த வார நீர் குளிக்கத் தகுந்ததா இல்லையா என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதலாம். அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்ய வருபவரும் துணி துவைக்க வருபவரும் அதைப் படிக்கட்டும். ஆறு கெட்டுக் கிடப்பது அறிக்கைக்குள் மறைந்து கிடக்கும்வரை யாருக்கும் அவசரம் வராது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய் இந்த ஆற்றுக்காக வாதாட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆதங்கம்தான்.

குப்பை விஷயத்தில் என்ன மாறும்?

ராமையன்பட்டிக் கிடங்கில் தீப்பிடித்தால் புகை எவ்வளவு தூரம் போகும் என்று அந்தப் பக்கத்து ஜனங்களைக் கேளுங்கள். நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழ பாதி மட்கக்கூடியது: காய்கறித் தோல், சோறு, வாழையிலை, பூ. அதைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மலையாகக் குவித்தால் உள்ளே மீத்தேன் உண்டாகிறது. தீப்பிடிக்க அதுவும் ஒரு காரணம். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது.

வண்டிக்கு ஜிபிஎஸ் பொருத்துவது நல்லதுதான், எந்தத் தெரு விட்டுப்போனது என்று தெரியும். ஆனால் வீட்டில் இரண்டு வாளி வைக்காமல் எந்த ஜிபிஎஸ்ஸும் பயன்படாது. நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் மறுபடி ஒன்றாகக் கொட்டினால் மக்கள் அடுத்த வாரமே பிரிப்பதை விட்டுவிடுவார்கள். ஆகவே தூய்மைப் பணியாளருக்குத் தனித்தனி தடுப்புள்ள வண்டி, கையுறை, காலத்தோடு சம்பளம் ஆகியவற்றைக் கொடுப்பதையும் நான் ஸ்மார்ட் சிட்டிச் செலவில்தான் சேர்ப்பேன்.

2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டதே, அதை முதலில் பார்த்துச் சத்தம் போட்டது ஊர் ஜனங்கள்தான். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அள்ளிப்போயின. எல்லைச் சாவடியில் கேமரா இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணில் பட்டதை எங்கே சொல்வது, சொன்னால் யார் வருவார் என்ற நம்பிக்கை ஊருக்கு இருக்க வேண்டும்.

பஸ் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசத்தான் வேண்டும். டவுனையும் சந்திப்பையும் பாளையையும் ஒரே ஊராக்கியது 1843-இல் திறந்த ஆற்றுப்பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக வேலை பார்த்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. அதன் மேல்தான் இன்றும் டவுன் பஸ்கள் போகின்றன. மக்களை இணைப்பது என்றால் நெல்லைக்காரனுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது அந்தப் பாலம்தான்.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண்கள் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுற்றுச்சூழலுக்கும் அதுவே நல்லது. ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் போனால் ரோட்டில் எத்தனை பைக்கும் ஆட்டோவும் குறையும்! குறை என்னவென்றால், பஸ் எப்போது வரும் என்று தெரியாது. வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்பவர், கையில் காசு வந்ததும் தவணையில் ஸ்கூட்டி வாங்கத்தான் பார்ப்பார். பஸ் எங்கே வருகிறது என்பதை நிறுத்தத்திலேயே ஒரு பலகையில் காட்டுவது செலவு குறைந்த வேலை. நிறுத்தத்துக்கு நிழல் போடுவது அதைவிடச் செலவு குறைந்த வேலை.

சந்திப்புப் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டிய வேலை பல ஆண்டுகள் நீண்டபோது, அதை நம்பிக் கடை வைத்திருந்தவர்களும் தினமும் பஸ் மாறிப் போனவர்களும் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பெரிய வேலையைத் தொடங்கும் முன், அது முடியும்வரை மக்கள் எங்கே நின்று பஸ் ஏறுவார்கள் என்பதையும் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

செங்கோட்டை, திருச்செந்தூர், நாகர்கோவில் பாதைகளில் ரயில்கள் இருக்கின்றன. ரயில் வரும் நேரத்துக்கு டவுன் பஸ்ஸைப் பொருத்தினாலே சேரன்மகாதேவியிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் படிக்கவும் வேலைக்கும் வரும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

எங்கள் ஆச்சிக்கு ஸ்மார்ட்போன் தெரியாது. எல்லாம் செயலிக்குள் போய்விட்டால் அவர் என்ன செய்வார்?

செயலி ஒரு வாசல். அது ஒன்றே வாசலாக இருக்கக் கூடாது. போனில் கூப்பிட்டுப் பேசும் வழி, இ-சேவை மையம், வார்டு அலுவலகத்தில் ஒரு மனிதர் ஆகிய மூன்றும் திறந்திருக்க வேண்டும். முதல்வரின் முகவரி 1100, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987 என்ற எண்கள் சாதாரண பட்டன் போனிலும் வேலை செய்யும். ஆச்சிக்கு எண்ணைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இதில் இடம் இருக்கிறதா?

பாளையங்கோட்டையில் இதற்கு இடமில்லை என்று சொன்னால் அது அந்த ஊருக்கே வெட்கம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காதுகேளாத பிள்ளைகளுக்கும் பள்ளிகள் தொடங்கிய ஊர் அது. அங்கே படித்தவர்கள் தமிழகமெங்கும் இருக்கிறார்கள்.

அந்தப் பள்ளிகளிலிருந்து நான்கு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்துபார்த்து ஒரு திட்டம் போட்டால், எந்த ஆலோசகரின் அறிக்கையும் அதற்கு ஈடாகாது. நடைபாதையில் பதித்த கோடு போட்ட ஓடுகள் மின்கம்பத்தில் போய் முட்டுகின்றனவா? பஸ் எண்ணைக் குரலில் சொல்கிறார்களா? வெள்ளச் சைரன் காதுகேளாதவருக்கு எப்படித் தெரியும், விளக்கு மின்னுமா, போன் அதிருமா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களும் போக்குவரத்தும் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. கர்ப்பிணிக்கும் கைத்தடி ஊன்றி நடப்பவருக்கும் அதே ஏற்பாடு உதவும்.

தெருவெல்லாம் கேமரா. எங்கள் அந்தரங்கம் என்னாவது?

நியாயமான அச்சம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. உங்கள் வார்டில் கேமரா எத்தனை, பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம் என்று கேட்கலாம். நகரத்தின் தரவு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், மக்களின் தரவு மூடியிருக்க வேண்டும். இன்று பல இடங்களில் இது தலைகீழாக இருக்கிறது.

மாடியில் சோலார் போடலாமா? எவ்வளவு ஆகும், எவ்வளவு வரும்?

தாராளமாகப் போடலாம், நம் வெயிலுக்குக் குறையில்லை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் எதிர்பார்க்கலாம். 2024-இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பகலில் உற்பத்தியாகும் மிச்ச மின்சாரம் கம்பி வழியாகப் பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும். மானியம் உங்கள் கணக்குக்கு நேராகத்தான் வரும், ஆகவே இடைத்தரகரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நெல்லைக்கு இதில் கூடுதல் பெருமை உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் செல்களும் பலகைகளும் தயாரிக்கும் திறனுள்ள டாடா பவரின் ஆலை இருக்கிறது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தப் பருவத்திலும் உச்சி வெயில் நேரத்திலும் மின்சாரம் தாராளம். மாநகராட்சியின் மின்கட்டணத்தில் குடிநீர் ஏற்றும் மோட்டாருக்குப் பெரும்பங்கு போகும். ஆற்றின் உறைகிணறுகளிலிருந்தும் அரியநாயகிபுரத்திலிருந்தும் நீரேற்றும் நேரத்தை வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப மாற்றினால் ஒரு ரூபாய் கட்டுமானச் செலவு இல்லாமலே மிச்சம் வரும்.

நகரத்துக்குள் வெயில் தாங்க முடியவில்லை. இதற்கு வழி?

மரம், குளம், நிழல். கருவி வேண்டியதில்லை. ரோட்டை அகலப்படுத்த வெட்டிய மரத்துக்குப் பதில் எத்தனை நட்டார்கள், எத்தனை பிழைத்தன என்ற கணக்கை வார்டு வாரியாக வெளியிடச் சொல்லுங்கள். ஆற்றோரத்துக்கு மருதம் போல ஒத்துவரும் மரம் வேறில்லை.

நாங்கள் கிராமத்தில் இருக்கிறோம். நகரத் திட்டத்தால் எங்களுக்கு என்ன?

நகரம் குடிக்கும் தண்ணீர் உங்கள் பக்கத்திலிருந்து வருகிறது, நகரத்தின் கழிவுநீர் கீழ்ப்பக்கத்து வயலுக்குப் போகிறது. ஆகவே கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு. நன்றாகச் சுத்திகரித்த கழிவுநீரை மரத்தோப்புக்கும் தொழிற்சாலைக்கும் தந்துவிட்டு, அதற்கு ஈடாக நல்ல நீரை வயலுக்கு மிச்சப்படுத்தலாம். வெள்ளநீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் கொண்டுபோகும் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு 2009-இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலத்துக்கு எந்த நாளில் எவ்வளவு திறந்தார்கள் என்பதை ஊர்ப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதினால், மேல்மடை கீழ்மடைச் சண்டையில் பாதி குறையும்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

மிக நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. ஜனவரியில் கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஆர்வலர்களும் வெள்ளனே எழுந்து குளக்கரைக்குப் போய், நாமக்கோழி எத்தனை, நத்தைகுத்தி நாரை எத்தனை என்று எண்ணுகிறார்கள். எந்தக் குளம் நன்றாக இருக்கிறது, எதில் சாக்கடை சேர்ந்துவிட்டது என்று அந்தக் கணக்கு சொல்லும். பைனாகுலரும் நோட்டும் போதும். இதே முறையில் ஒரு கல்லூரி ஒரு குளத்தை எடுத்து மாதம் ஒருமுறை நீர்மட்டம், நீரின் தரம், ஆக்கிரமிப்பு, மறுகால் ஓடையின் நிலை ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். நயினார்குளத்துக்கும் வேய்ந்தான்குளத்துக்கும் உடனே ஆள் வேண்டும்.

புகார் கொடுத்தால் "சரிசெய்யப்பட்டது" என்று செய்தி வருகிறது. போய்ப் பார்த்தால் அப்படியே கிடக்கிறது. என்ன செய்ய?

இது எனக்கும் நடந்திருக்கிறது. புகாரை மூடும் அதிகாரம் புகார் கொடுத்தவரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அவர் "ஆம், சரியாயிற்று" என்று சொல்லும்வரை அது திறந்தே இருக்கட்டும். இப்போதைக்கு, தேதியோடு படம் எடுத்து அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்புங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2022-இல் தமிழ்நாடு அரசு விதி வகுத்து நகரங்களிலும் வார்டு குழு, பகுதி சபை என்று கொண்டுவந்தது. கிராமசபைக்கு ஈடானது அது. தனியாளாகக் கொடுக்கும் புகார் காணாமல் போகலாம். சபையில் நாற்பது பேர் முன்னால் கேட்டுக் குறிப்பேட்டில் ஏறிய கேள்வி அவ்வளவு சுலபமாகக் காணாமல் போகாது.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டுமானால்?

உங்கள் கவுன்சிலருக்கு மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். எங்கள் தெருவுக்குக் குடிநீர் எந்த நாளில், எத்தனை மணிக்கு? அடுத்த பகுதி சபைக் கூட்டம் எப்போது, எங்கே? எங்கள் தெரு வாறுகால், அதாவது கழிவுநீர் ஓடை, கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மாநகராட்சிக்கு மனுப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்விக்குக் காத்திருக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாறுகால் ஓரமாகவே நடந்து போங்கள். அது பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, கால்வாயில் விழுகிறதா, குளத்தில் விழுகிறதா என்று பார்த்து, அந்த இடத்தைப் படமெடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பகுதி சபைக்கு வரும்போது அச்செடுத்துக் கொண்டுவாருங்கள்.